வெளிநடப்பு வெயிலுமுத்து

பூவரசங்குறிச்சிப் பேரூராட்சிக்கு முதலில் வந்து சேர்ந்தது கட்டணமில்லாக் கழிப்பறை. ஆடி மாசத்து வெள்ளிக்கிழமைக் காலையில், சந்தைக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டும் வருகிறவர்கள் வந்துகொண்டும் இருக்கும்போது, முந்தின நாள் வரைக்கும் குப்பையும் கருவேலஞ்செடியும் மட்டுமே கிடந்த சந்தை வாசலில், ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், சுவரில் நீல ஓடு பதித்து, குழாயில் தண்ணீர் கொட்ட, பட்டப்பகலில் பல்பு எரிய, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. யார் கட்டியது, எப்போது கட்டியது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. சனம் வாயைப் பிளந்துகொண்டு சுற்றி நின்றது. கருப்பட்டி விற்கிற பெரியவர் ஒருத்தர்தான், "எப்படி வந்தா என்ன, எனக்கு வயித்தக் கலக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து, "தாழ்ப்பாள் நல்லா விழுது" என்றார். அதற்கப்புறம் வரிசை நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை பயணிகள் நிழற்குடை வந்தது. ஒன்று வந்திருந்தால் நல்லது, மூன்று வந்தது. ஒரே இடத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக, நடுவில் இருப்பதற்குள் ஒரு கோழி கூட நுழைய முடியாதபடி. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தெருவிளக்குகள். தபால் ஆபீஸ் சந்தில் ஒரு விளக்குக் கம்பம் ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டு அடுப்படியில் முளைத்து ஓட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே போயிருந்தது. வாத்தியார் மனைவி அன்றைக்கு முழுக்க அழுதார். மறுநாள், பரவாயில்லை, கரண்டு பில் மிச்சம் என்று கம்பத்தில் கரண்டி மாட்ட ஆணி அடித்தார்.

நாலாவது வெள்ளிக்கிழமை பஜார் தெருவுக்குத் தார்ரோடு வந்தது. இதைக் கேளுங்கள். அந்தத் தெருவுக்கு ஆறு தடவை ரோடு போட்டதாகப் பேரூராட்சி சொல்லியிருந்தது. ஒரு கூடை சல்லி கூட யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆறு ரோடும் ஒரே காலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படுத்துக்கொண்டதால் தெரு ஜன்னல் உயரத்துக்கு எழும்பிவிட்டது. வாசற்படி கிணறு மாதிரி ஆகிவிட்டது. பஜார் தெருக்காரர்கள் இரண்டு நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள், மூன்றாம் நாள் ஜன்னல் கம்பியை அறுத்துவிட்டு அது வழியாக நடமாட ஆரம்பித்தார்கள். அந்த வாரமே ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் செருப்பை ரோட்டில் விட்டுவிட்டு ஜன்னல் வழியாக இறங்கி, பஜ்ஜி தின்று, சம்மதம் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகவே ஏறிப் போனார்கள்.

இதற்குள் ஊருக்கு விளங்கிவிட்டது. கட்டாமலே கட்டியதாக எதற்கெல்லாம் பேரூராட்சி பணம் எடுத்ததோ அதெல்லாம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது. விளங்கியதும் ஊர் என்ன செய்தது தெரியுமா? சண்டை போட்டது. பூவரசங்குறிச்சியில் இரண்டே கட்சி. அவற்றுக்குக் கொடியும் நீளமான பெயரும் உண்டு என்றாலும், ஒன்றின் ஆபீஸ் பஜாரின் மேல்கோடியிலும் இன்னொன்றின் ஆபீஸ் கீழ்க்கோடியிலும் இருந்ததால் ஊர் வாயில் அவை மேலக்கட்சி, கீழக்கட்சி. இப்போது ஆள்கிறது மேலக்கட்சி, சேர்மன் பரமகுரு. அவர் ஆட்கள் கழிப்பறை முன்னால் வெடி போட்டு, பரமகுருவின் பொற்காலம் என்று போஸ்டர் ஒட்டினார்கள். அந்தப் பசை காய்வதற்குள் கீழக்கட்சி, இது எங்கள் ஆட்சியில் தீட்டிய திட்டம் என்று அதன் மேலேயே ஒட்டியது. திருடியது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கட்டியது யார் என்பதில்தான் மண்டை உடைந்தது.

வெடிச் சத்தத்திலும் போஸ்டர் சண்டையிலும் கலந்துகொள்ளாமல், கழுவின கையோடு ஒருத்தர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மன்றத்தில் கீழக்கட்சியின் தலைவர், நாலாவது வார்டு கவுன்சிலர் வெயிலுமுத்து. சுத்துப்பட்டில் அவரை வெளிநடப்பு வெயிலுமுத்து என்றால்தான் தெரியும். சும்மா சொல்லக் கூடாது, அந்த மனுஷன் வெளிநடப்புச் செய்கிற அழகே அழகு. மன்றக் கூட்டத்தில் செயல் அலுவலர் தீர்மானங்களைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் லேசாக இருமுவார். அதுதான் அடையாளம். உடனே வெயிலுமுத்து நாற்காலி பின்னால் சாய எழுந்து, தோள் துண்டை உதறி, "இது மன்றமா, மாட்டுச் சந்தையா" என்று ஓடு அதிரக் கேட்டு, தன் கட்சிக் கவுன்சிலர்கள் மூன்று பேர் பின்னால் வர, படியிறங்கி, ரோட்டைத் தாண்டி மாடசாமி டீக்கடைக்குப் போய்விடுவார். இரண்டாவது வடை வயிற்றுக்குள் இறங்குகிற நேரத்தில் மேலே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியிருக்கும். எதிர்க்கிறவன்தான் வடை தின்னப் போய்விட்டானே, ஏகமனதாக ஆகாமல் என்ன ஆகும்? சாயங்காலம் வீட்டுக்கு ஒரு மிட்டாய்ப் பெட்டி வரும். மேலே லட்டு இருக்கும், அடியில் இருக்க வேண்டியது அடியில் இருக்கும்.

எந்தத் தீர்மானத்துக்காக எழுந்து போனோம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கீழக்கட்சி ஆண்ட காலத்தில் மேலக்கட்சிக்காரர்கள் இதே மாதிரி எழுந்து போனார்கள், இதே கடையில் வடை தின்றார்கள். ஆனால் வெயிலுமுத்து தன் வாழ்நாளில் எந்த பில்லிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அவரைவிட அவர் மனைவி பேச்சித்தாய்க்குப் பெருமை. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "எங்க வீட்டுக்காரவுக ஒரு காயிதத்துல கைய வச்சதில்ல. எடத் தரகுல வந்த காசுலதான் நாங்க வீடு கட்டுனோம்" என்று யாரும் கேட்காமலே சொல்வாள். மிட்டாய்ப் பெட்டியில் அவள் பார்த்தது லட்டை மட்டும்தான்.

வீடு ஊருக்குத் தெற்கே பொன்னகரில் இருந்தது. பள்ளமான இடம்தான், ஆனால் நல்ல காற்று. பஸ் கண்டக்டர், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற ராசாக்கனி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் என்று நாற்பது குடும்பம். சீட்டுக் கட்டியும் தாலியை அடகு வைத்தும் ஆளுக்கொரு மனை வாங்கி, ஒவ்வொரு அறையாகக் கட்டிக்கொண்டிருந்த சனம். அத்தனை மனையையும் காட்டி, பேசி, முடித்துக் கொடுத்தவர் வெயிலுமுத்துதான். பேச்சித்தாய் கொல்லையில் கறிவேப்பிலைக் கன்று வைக்கத் தோண்டியபோது கை கையாக நத்தை ஓடு வந்தது. இதென்னங்க என்று கேட்டாள். மண்ணுன்னா எல்லாந்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் புரட்டினார்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, தெருவே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த மத்தியானத்தில், கொல்லைக் கதவு தட்டப்பட்டது. பேச்சித்தாய் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வெயிலுமுத்து போய்த் திறந்தால் சேர்மன் பரமகுரு நிற்கிறார். மேடையில் ஒருத்தரை ஒருத்தர் நார் நாராகக் கிழிக்கிற இரண்டு பேர். பரமகுரு அந்த வீட்டு வாசலை மிதித்ததே கிடையாது. சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"வே, வர்ற வரிசையப் பாத்தீரா?"

"என்ன வரிசை?"

"கக்கூஸ், நிழற்குடை, லைட்டு, ரோடு. அம்புட்டும் பில்லு போட்ட வரிசை. அடுத்தாப்புல சங்கிலி ஊருணி."

"எந்த ஊருணி?"

பரமகுரு செருப்புக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

வெயிலுமுத்துவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். சங்கிலி ஊருணி. அவர் சின்ன வயதில் ஊரே குடம் தூக்கி வந்து குடித்த தண்ணீர். தூர்ந்து, கருவேலம் மண்டி, பிறகு கீழக்கட்சி ஆட்சியில் மண்ணடித்து மேவி, கல் ஊன்றி, பொன்னகர் என்று போர்டு வைத்து விற்ற இடம். தாலுகா ஆபீசில் அது இன்னமும் ஊருணிதான். அதனால், அதைத் தூர்வாருவதற்கென்று சித்திரைக்குச் சித்திரை பணம் வந்தது. ஆண்டது எந்தக் கட்சியாக இருந்தாலும், வீடுகளுக்கு அடியில் இருக்கிற, இல்லாத ஊருணியை வருசா வருசம் தூர்வாரினார்கள்.

"ஒவ்வொரு வருசமும் ஆறடி ஆழப்படுத்துனதாத்தான் எழுதியிருக்கோம்" என்றார் பரமகுரு. "உங்காளுக காலத்துலயும் அதே ஆறடி. கூட்டிப் பாத்தா ரெண்டு பனை ஆழம் வருது வே. படித்துறைக்குத் தனியாப் போட்டோம். போன வருசம் தண்ணி நெரப்புனோம்னு ஒரு பில்லு."

வெயிலுமுத்து கால் பெருவிரலால் தரையை அழுத்திப் பார்த்தார். சிமெண்டுத் தரை கெட்டியாகத்தான் இருந்தது. சித்திரை மாதத்து வெளிநடப்புகள், சித்திரை மாதத்து லட்டுகள் எல்லாம் நாக்கில் திரும்பி வந்து கசந்தன.

"நாற்பது வீடு இருக்குவே இங்க. சொல்ல வேண்டாமா?"

"சொன்னா பில்லு எப்படிடா போட்டன்னு கேப்பான். நானும் உள்ள, நீரும் உள்ள. தெருவுல பாதி எங்க கட்சி, பாதி உங்க கட்சி, நட்டம் சமமாத்தான் போவும்." பரமகுரு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். குரல் கனிந்துவிட்டது. "பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே மச்சினன் வீட்டுக்குப் போயிரும். இதையும் ஒரு வெளிநடப்புன்னு நெனச்சுக்கோரும். உம்ம பங்கு வந்துரும்."

வந்த வழியே போய்விட்டார். வெயிலுமுத்து அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தார். ஒளிப்பானேன், அவர் மச்சினனுக்குப் போன் போடத்தான் முதலில் எடுத்தார். எண்ணைத் தேடும்போது ஜன்னல் வழியாக, எதிர்வீட்டு ராசாக்கனி வேலை முடிந்து வந்து, புதிதாகப் பூசின சுவருக்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றி நனைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. குடிக்கக் காசு கொடுத்து வாங்கின தண்ணீர். போனைக் கீழே வைத்துவிட்டார்.

சாயங்காலம் தெருவெல்லாம் வீடு திரும்பியதும் அவர் நடுத்தெருவில் போய் நின்று, துண்டை உதறி, தனக்குத் தெரிந்த ஒரே குரலில், "எல்லாரும் வீட்டக் காலி பண்ணுங்க, பெரிய ஆபத்து வருது" என்று கத்தினார். பழகின குரல், ஓடு அதிரத்தான் கத்தினார். கீழக்கட்சிக்காரர்கள் வாசலுக்கு வந்து, "அண்ணாச்சி, மறியலா, உண்ணாவிரதமா? கொடி எடுத்துட்டு வரவா?" என்றார்கள். மேலக்கட்சிக்காரர்கள், "நம்மளக் கெளப்பிவிட்டுட்டு வார்டப் பிடிக்கப் பாக்காரு" என்று உள்ளே போய் டிவியைச் சத்தமாக வைத்தார்கள். கண்டக்டர் மட்டும் பாவம் பார்த்து, "அண்ணாச்சி எப்பவும் இப்படித்தான, தொண்ட காஞ்சிரும், தண்ணி குடுங்கப்பா" என்றான்.

அத்தனை வருஷமாகக் காசுக்குக் கத்திக் கத்தி, தன் குரலில் மெய்யென்று ஒரு சொட்டு மிச்சமில்லை என்பது வெயிலுமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஆளிடம் பேசுகிற மெதுவான குரலில் சொல்ல ஆரம்பித்தார். மெதுவாகச் சொன்னதால்தான் கிட்டே வந்தார்கள்.

"நாம இருக்கிறது சங்கிலி ஊருணி. வருசா வருசம் இதத் தூர்வாரினதாக் காசு எடுத்திருக்கோம். நாளைக்கு அது வருது, ரெண்டு பனை ஆழத்துக்கு. நான் கையெழுத்துப் போடல. கையெழுத்துப் போடையில நான் வடை தின்னுக்கிட்டிருந்தேன். நான் எந்திரிச்சு வெளிய போறதுக்குத்தான் காசு. மிட்டாய்ப் பெட்டியில வரும். நான் வாங்குனேன். என் வீடு அதுலதான் கட்டுனது."

டிவிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. ராசாக்கனிதான் கேட்டாள்: "எடத்த வாங்கச் சொன்னதும் நீங்கதான அண்ணாச்சி?"

"ஆமா தாயி."

"ஊருணின்னு தெரியுமா அப்ப?"

"தெரியும்."

அவளுக்கு அழுகை கூட வரவில்லை. ஒரு கையில் கரண்டி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தின் ஓரத்தில் ரேஷன் பையோடு பேச்சித்தாய் நின்றுகொண்டிருந்ததை அவர் அப்போதுதான் கண்டார். எப்போது வந்தாள், எது வரைக்கும் கேட்டாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது முழுக்கக் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது. அவள் வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் கடகடவென்று சத்தம் கேட்டது. முந்தின நாள்தான் மாற்றின கேஸ் சிலிண்டரைப் படுக்கப் போட்டு, குனிந்து, இரண்டு கையாலும் தெருவில் உருட்டிக்கொண்டு மேட்டை நோக்கிப் போனாள்.

அரசியலுக்காகக் கத்துவார்கள், சட்டையைக் கிழிப்பார்கள், தேவையானால் மண்ணெண்ணெய் கூட ஊற்றிக்கொள்வார்கள். யாரும் நிறைந்த சிலிண்டரை உருட்டிக்கொண்டு போக மாட்டார்கள். பொன்னகர் அதைப் பார்த்ததும் நம்பிவிட்டது. கண்டக்டர் பீரோவைத் தூக்கினான். கதவு நிலையைக் கழற்றினார்கள். ஆடு, கோழி, தையல் மிஷின், சாமி படம், இன்வெர்ட்டர், பிள்ளைகளின் பாடப்புத்தகம் என்று ஒவ்வொன்றாக மேடேறியது. மேலக்கட்சிக்காரன் வீட்டுக் கட்டிலின் ஒரு பக்கத்தைக் கீழக்கட்சிக்காரன் பிடித்தான். வெயிலுமுத்துவும் தூக்கினார். அவரை யாரும் தூக்காதே என்று சொல்லவில்லை, ஒருத்தரும் பேசவும் இல்லை.

வெள்ளிக்கிழமைக் காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கு அது வந்தது. மற்றதெல்லாம் யாரும் பார்க்காதபோது வந்தவை. இதை ஊரே மேட்டில் நின்று பார்த்தது. இடி இல்லை, பிளவு இல்லை, புழுதி கூடக் கிளம்பவில்லை. நாற்பது வீடும் நின்ற வாக்கில், பக்கத்து வீட்டுக்கு வழி விடுகிற மாதிரி மெதுவாகக் கீழே இறங்கின. இறங்க இறங்க நாலா பக்கமும் கருங்கல் படித்துறை மேலே வந்தது. மொட்டை மாடிகளுக்கு மேல் தண்ணீர் வந்து மூடியது. கலங்கல் இல்லாத, அடிவரைக்கும் தெரிகிற தண்ணீர். ரெண்டு பனை ஆழத்தில் தெரு அப்படியே இருந்தது. ராசாக்கனி வீட்டுப் புதுப்பூச்சு ஈரமாக மினுங்கியது. வெயிலுமுத்து வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை லேசாக ஆடியது. ஒரு பெண் "ஐயோ" என்றாள், அவ்வளவுதான் சத்தம்.

மத்தியானத்துக்குள் ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. எத்தனை வருஷமாக லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை போட்டு வைத்த சனம். பொன்னகர்ப் பெண்கள் உட்கார்ந்திருக்கிற படித்துறையில் இறங்கும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொண்டு, சாவு வீட்டில் நடக்கிற மாதிரி நடந்து, கீழே பார்க்காமல் மோந்துகொண்டு போனார்கள்.

அன்றைக்கே மன்றம் அவசரமாகக் கூடியது. சங்கிலி ஊருணியைச் செம்மையாகத் தூர்வாரி முடித்தமைக்கு நன்றி, ஒப்பந்தக்காரருக்குப் பாக்கித் தொகை வழங்க அனுமதி என்று செயல் அலுவலர் படித்து, இருமினார். வெயிலுமுத்து உட்கார்ந்திருந்தார். அலுவலர் இன்னொரு தடவை இருமினார். பழக்கத்தில் எழுந்துவிட்ட மூன்று கவுன்சிலர்களும் வாசல் வரை போய், தலைவர் முன்னால் இல்லாததைக் கண்டு விழித்துக்கொண்டு நின்றார்கள். பரமகுரு முறைத்தார், பிறகு கண்ணால் கெஞ்சினார். எதிரே டீக்கடையில் மாடசாமி நாலு வடையைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு படியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எதிர்க்கேன்" என்றார் வெயிலுமுத்து. "ஏன்னு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. என் பங்குல இருந்தே ஆரம்பிங்க."

செயல் அலுவலருக்கு அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த மன்றத்தில் ஏகமனதாக என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் அவர் எழுதியதே இல்லை. பேனாவை மூடியும் திறந்தும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். போலீஸ் ஜீப் வந்ததும் பரமகுருவும் வெயிலுமுத்துவும் ஒரே விலங்கில் போனதும் பிற்பாடு நடந்தது.

அன்றைக்கு வெயிலுமுத்து மன்றத்திலிருந்து திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பொன்னகர் முழுவதும் பஜார் தெருவின் உயரமான ரோட்டில் தார்ப்பாய் கட்டி அடுப்பு மூட்டியிருந்தது. பேச்சித்தாய் மட்டும் படித்துறையில் உட்கார்ந்திருந்தாள். முந்தின சாயங்காலத்திலிருந்து அவரோடு ஒரு சொல் பேசாதவள். அவர் இரண்டு படி தள்ளி நின்றார். அவள் எழுந்து, செம்பை ஊருணியில் முக்கி, புடவைத் தலைப்பால் அடியைத் துடைத்து, அவர் முன்னால் நீட்டினாள்.

"குடிங்க."

"பேச்சி..."

"உங்க பங்கு. குடிங்க."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். கீழே, ரெண்டு பனை ஆழத்தில், அவள் முந்தின நாள் காலையில் போட்ட கோலம் கலையாமல் வெள்ளையாகத் தெரிந்தது. செம்பு காலியாகும் வரைக்கும் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் உப்புக் கரிக்கும், கசக்கும், தொண்டையை அடைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் குடித்தார். அது சின்ன வயதில் குடித்த அதே தண்ணீராக, தித்திப்பாக இருந்தது. வெயிலுமுத்து படித்துறையில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார்.